காக்ஸ் டவுன் இல்லை, பிரேசர் டவுன்

எங்கள் லேபுக்கு வருகிறவர்களுக்குப் பெயர் இருந்தது, ஆனால் அதை யாரும் உபயோகிப்பதில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் எஃப்.பி.எஸ். அவரே டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் பி.பி.பி.எஸ். சாப்பாட்டுக்கு முன்னால் சர்க்கரை எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்பதுதான் அதன் அர்த்தம். ஆனால் "எஃப்.பி.எஸ். காபி குடிச்சுட்டாராம், நாளைக்கு வரச் சொல்லு" என்று நாங்கள் சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்வோம்.

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. பிரேசர் டவுனில் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடம். நான் பி.காம். முடித்து, டைப்ரைட்டிங்கும் பாஸ் பண்ணியிருந்தேன். ரிப்போர்ட் அடிப்பது என் வேலை. ஈ.எஸ்.ஆர். என்று அடிப்பேன். ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் குழாயில் எவ்வளவு வேகமாக அடியில் படிகின்றன என்று பார்ப்பது அது. சீக்கிரம் படிந்தால் உடம்பில் எங்கேயோ கோளாறு. என்.ஏ.டி. என்று அடிப்பேன். விபரீதமாக ஒன்றும் தென்படவில்லை என்று பொருள். அந்த மூன்று எழுத்தை அடிக்கும்போது விரலுக்கே ஒரு சந்தோஷம் வரும். ஏ.எஃப்.பி. பாசிட்டிவ் என்றும் எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறேன். அது என்னவென்று எனக்குத் தெரியும். அடித்து முடித்து, உறையில் போட்டு, அடுத்த தாளைச் சொருகிவிடுவேன்.

மழைக்காலத்தில் எனக்கு இருமல் பிடித்தது. பெங்களூரில் மழைக்காலத்தில் யாருக்குத்தான் இருமல் இல்லை? கஷாயம், மாத்திரை என்று நாட்கள் போயின. சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று இருக்கும். ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று தொங்கியது. "டயட்டிங்கா?" என்று கேட்டார்கள். எனக்கும் உள்ளூர அது பெருமையாகத்தான் இருந்தது.

லேபின் டாக்டரம்மா கன்னடக்காரர். மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே எல்லோருடைய இருமலையும் கேட்டுக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. ஒருநாள் ஒரு சின்ன டப்பாவை என் மேஜை மேல் வைத்து, "நாளைக்குக் காலைல எழுந்த உடனே சளி எடுத்துட்டு வா" என்றார். மறுநாள் மத்தியானம் உள்ளே கூப்பிட்டு, "கூத்கோ" என்று ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன். மைக்ரோஸ்கோப்பை என் பக்கம் திருப்பி, "பார்" என்றார்.

நீல நிறத்தில் ஒரு வயல். அதில் அங்கங்கே செக்கச்செவேலென்று மெல்லிய குச்சிகள், யாரோ குங்குமப்பூவைக் கிள்ளிப் போட்ட மாதிரி.

"ஆசிட் ஃபாஸ்ட் பேசிலை" என்றார் டாக்டரம்மா. "சிவப்புச் சாயம் ஏத்தி, அப்புறம் ஆசிட் ஊத்திக் கழுவறோம். மத்த எல்லாம் சாயத்தை விட்டுடும். இது மட்டும் விடாது."

"யாரோடது மேடம்?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.  டாக்டரம்மா என் முழங்கை மேல் கையை வைத்தார்.

அம்மாவை அழைத்துக்கொண்டு அவர் சொன்ன நெஞ்சு டாக்டரிடம் போனேன். வராந்தா முழுக்க ஜனம். கதவைச் சாத்துகிற வழக்கம் அங்கே இல்லை. டாக்டர் கேட்பதும் நோயாளி சொல்வதும் வரிசையில் நிற்கும் எல்லோர் காதிலும் விழும். டாக்டர் என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஜூனியரிடம், "காக்ஸ்" என்றார்.

அம்மா அவசரமாக முன்னால் வந்தாள். "இல்ல டாக்டர், நாங்க காக்ஸ் டவுன் இல்ல. பிரேசர் டவுன்."

ஜூனியர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் சொன்னது எங்கள் பக்கத்துப் பேட்டையின் பெயர் இல்லை, அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ஜெர்மன்காரரின் பெயர். வராந்தாவில் நிற்பவர்களுக்குப் புரியக் கூடாது என்பதற்காகவே டாக்டர்கள் வியாதியின் பெயருக்குப் பதிலாக அவர் பெயரைச் சொல்வார்கள். நான் அம்மாவின் காதில் அந்த இரண்டு எழுத்தைச் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். எனக்கு ஆறுதலாக அல்ல, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று.

டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொன்னார். மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் போட வேண்டும். தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். முதல் சில வாரம் வாயை மூடிக்கொண்டு இருமட்டும், காற்றும் வெயிலும் வருகிற அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கட்டும். அதற்கப்புறம் வழக்கம்போல் இருக்கலாம், வேலைக்கும் போகலாம். "இது ஏ.கே.டி. கோர்ஸ். ஒழுங்கா முடிச்சா குணமாயிடும்."

ஆட்டோவில் வரும்போது அம்மா, "ஏ.கே.டி.ன்னா என்னடி?" என்றாள்.

"ஆன்ட்டி காக்ஸ் ட்ரீட்மென்ட்."

"அப்படியே சொல்லலாம். ஏ.கே.டி. கேக்க நல்லா இருக்கு" என்றாள் அம்மா.

எங்கள் வீடு ஒரு பொது முற்றத்தைச் சுற்றியிருந்த நான்கு வீடுகளில் ஒன்று. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் நான்கு வீட்டிலும் தும்முவோம். அக்காவுக்கு அப்போதுதான் மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு வரன் கூடி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன் வந்த சில வரன்கள் ஏதேதோ காரணத்தில் தட்டிப் போயிருந்தன. அக்கா ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். கல்யாணப் பேச்சு எடுத்தாலே முகத்தில் ஒரு களைப்பு வந்துவிடும் அவளுக்கு.

அன்று சாயங்காலம் அப்பா சமையலறையில் நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் முடிவைச் சொன்னார். அவர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் உத்தரவு மாதிரிதான் சொல்வார்.

"இது இந்த நாலு சுவரை விட்டு வெளியே போகக் கூடாது. இவ வேலூருக்கு, சித்தி வீட்டுக்குப் போயிருக்கா. கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்க. யார் கேட்டாலும் அதுதான்."

"நான் இங்கேதானேப்பா இருக்கேன்?"

"உள் ரூம்ல இருப்ப."

அது அறை இல்லை, சாமான் அறை. அரிசி டிரம், பழைய ரஜாய்கள், கொலு பொம்மைப் பெட்டி, ஒரு ஓட்டைத் தையல் மெஷின். நடுவில் ஒரு மடக்குக் கட்டில் போட்டார்கள். பின்பக்கச் சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. அதைத் திறந்து வைக்கச் சொன்னாரே டாக்டர் என்றேன். சந்தில் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று அம்மா கொக்கியை மாட்டி, மேலே ஒரு பழைய புடவையையும் தொங்கவிட்டாள். என் தட்டும் டம்ளரும் மற்றவற்றோடு கலந்துவிடாமல் இருக்க, அக்காவின் நகப்பாலிஷால் அடியில் ஒரு புள்ளி வைத்தாள்.

தட்டு வழியாக இது பரவாது, மூச்சில்தான் பரவும், காற்றை அடைத்தால்தான் ஆபத்து என்று நான் சொன்னேன். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கிருமியின் நிறம் தெரியும், அதைக் கொல்லும் மருந்துகளின் எழுத்துகள் தெரியும். அந்த வீட்டில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மருந்துக்கும் சுருக்கெழுத்துதான். ஹெச், ஆர், இசட், ஈ என்று நான்கு எழுத்து. அப்பா அட்டையைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் படித்து, "ஐசோனியாசிடுக்கு ஏன் ஹெச்? பைரசினமைடுக்கு ஏன் இசட்?" என்று கோபப்பட்டார். அவர் கோபம் எழுத்து மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆர் என்ற சிவப்பு மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முதல் நாள் அறையில் எனக்கு வைத்திருந்த சட்டியை வெளியே எடுத்தபோது அதைப் பார்த்த அம்மா ரத்தம் என்று நினைத்துக் கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து, "மருந்தோட கலரும்மா, மருந்தோட கலர்" என்று கிசுகிசுத்தேன். சத்தமாகச் சொல்ல முடியாது. நான் வேலூரில் இருக்கிறேன்.

மாத்திரையை விட, வாந்தியை விட, இருமலுக்குத்தான் நான் பயந்தேன். இருமினால் நான் ஊரில் இருப்பது தெரிந்துவிடும். பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷன் எங்களுக்கு அருகில். ரயில் போகும்போது வீட்டுப் பாத்திரங்கள் லேசாக அதிரும். ரயில் வந்தால் இருமிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தேன். தொலைவில் ஹாரன் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு தயாராவேன். ரயில் கடந்து முடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். சரக்கு ரயில் என்றால் தாராளம். சின்ன ரயில் என்றால் பாதி இருமல் நெஞ்சிலேயே நின்றுவிடும். கண்ணில் தண்ணீர் கொட்ட, வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருப்பேன்.

மத்தியானங்களில் எதிர்வீட்டுக் காலாம்மா வருவார். உருது பேசுகிறவர்கள் சின்னம்மாவைக் காலா என்பார்கள். முற்றத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் காலாம்மா. அவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அம்மாவோடு வெற்றிலை போடுவது என் சின்ன வயதிலிருந்து நடப்பது. அவர் குரலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் ஒரு மரக்கதவுதான்.

"சின்னது எப்படி இருக்கு வேலூர்ல? போன் கீன் பண்ணுதா?"

"ம், பண்றா. நல்லா இருக்கா."

"ரொம்ப நாளாச்சே. ஒரு ஞாயித்துக்கிழமையாவது வந்துட்டுப் போலாமில்ல? வேலூர் என்ன பாகிஸ்தானா?"

"கிளாஸ் இருக்காம்."

"நல்ல பச்சி, நல்ல பொண்ணு அது. காலாம்மா விசாரிச்சாங்கன்னு சொல்லு."

"சொல்றேன்" என்றாள் அம்மா. அவள் குரல் சின்னதாகிவிட்டது. நான் தொண்டையில் ஏறிய இருமலை விரலைக் கடித்து நிறுத்தினேன். காலாம்மா போன பிறகு அம்மா உள்ளே வந்து, விரலில் பதிந்திருந்த பல் தடத்தைப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவினாள். அவளும் என்னோடு அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அன்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவளால் எழுந்து வெளியே போக முடியும்.

அக்கா பள்ளியிலிருந்து வந்ததும் நேராக என்னிடம் வந்துவிடுவாள். வாசல்படியில் உட்காரச் சொன்னால் கேட்க மாட்டாள், அரிசி டிரம் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். கொக்கியைக் கழற்றி ஜன்னலை ஒரு சாண் திறப்பாள். சந்தின் காற்றில் எங்கிருந்தோ பேக்கரி வாசனை வரும். மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்பாள்.

"ஓ.டி.ன்னா?"

"ஒரு நாளைக்கு ஒரு தடவை. பி.டி. ரெண்டு தடவை. டி.டி.எஸ். மூணு தடவை."

"இது என்ன, எஸ்.ஓ.எஸ்.? கப்பல் முழுகும்போது அனுப்புவாங்களே, காப்பாத்துங்கன்னு?"

"அது இல்லக்கா. தேவைப்பட்டா மட்டும் போட்டுக்கன்னு அர்த்தம். காய்ச்சல் மாத்திரைக்கு எழுதியிருக்காங்க."

அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "டாக்டர் சொன்ன கெடு முடிஞ்சு போச்சே. நீ இப்போ வெளியே வரலாமில்ல?" என்றாள்.

"அப்பாகிட்ட கேட்டேன். நிச்சயதார்த்தம் முடியட்டும்னு சொல்றார்."

"அது முடிஞ்சா கல்யாணம் முடியட்டும்பார். கல்யாணம் முடிஞ்சா எனக்குக் குழந்தை பொறக்கட்டும்பார்."

அவள் சொன்னது சரி. மறுபடி நான் சளி எடுத்துக் கொடுக்க, அப்பா பையில் மறைத்து லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கிருமி தெரியவில்லை, நெகட்டிவ் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். உடம்பில் எடை ஏறத் தொடங்கியிருந்தது. இருமல் மட்டும் புண் ஆறும்வரை விட்டுவிட்டு இருந்தது. ஆனால் வேலூரிலிருந்து நான் எப்படித் திரும்புவது? திரும்பினால் அதற்கு ஒரு பெட்டி வேண்டும், ஒரு பஸ் வேண்டும், படித்த கோர்ஸுக்கு ஒரு பெயர் வேண்டும். பொய் என்னை விடப் பெரிதாக வளர்ந்து அந்த அறையை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா. காலையிலேயே வீடு கழுவி, கேசரி கிளறி, கூடத்தில் புது விரிப்பு போட்டாயிற்று. அவர்கள் வருவதற்குச் சற்று முன் அம்மா என் அறைக்குள் வந்து, ஒரு தட்டில் கேசரியும் பஜ்ஜியும் வைத்தாள். "கொஞ்ச நேரம்டி கண்ணு" என்றாள். கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் ஒரு சத்தம் கேட்டது. வெளித் தாழ்ப்பாள்.

அதுவரை அந்தக் கதவு சாத்தியிருந்ததே தவிரத் தாழிட்டதில்லை. நான் எழுந்து போய்க் கதவில் கை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை.  கதவைத் தட்ட வேண்டும் என்று வந்த வெறியை எப்படி அடக்கினேன் என்று இன்றும் தெரியவில்லை.

கூடத்தில் பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மல்லேஸ்வரத்தில் தண்ணீர் கஷ்டம், பேங்க் வேலையில் டிரான்ஸ்ஃபர் தொல்லை. மாப்பிள்ளையின் அம்மா, "உங்களுக்கு ரெண்டு பொண்ணுன்னு சொன்னாங்களே?" என்று கேட்டார்.

"சின்னவ வேலூர்ல படிக்கிறா" என்றார் அப்பா.

அப்போது எனக்கு இருமல் வந்தது. ரயில் வரவில்லை. தலையணை, துணி, விரல், எதற்கும் அடங்கவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. இருமி, மூச்சு வாங்கி, மறுபடி இருமினேன். 

"உள்ளே யாரு?" என்றார் அந்த அம்மா.

"பக்கத்து வீடு. சுவர் மெல்லிசு, எல்லாம் கேக்கும்" என்றாள் என் அம்மா.

வளையல் சத்தம் கேட்டது. காலடி சத்தம் என் கதவை நோக்கி வந்தது. "என் தங்கச்சி" என்றாள் அக்கா. தாழ்ப்பாள் விலகியது.

வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பழைய நைட்டியில், தலை வாராமல், கையில் தலையணையோடு நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்க்கவில்லை. கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணை உள்ளே வெச்சுப் பூட்டியா வெச்சிருந்தீங்க?"

"பூட்டல. தாழ்ப்பாள்தான்" என்றார் அப்பா. அதைச் சொன்னதும் அவருக்கே அது எப்படி ஒலித்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அவசரமாக ஆபீஸ் குரலுக்கு மாறினார். "லங்ஸ்ல ஒரு சின்ன ஷேடோ. பெரிசா ஒண்ணுமில்ல. ஏ.கே.டி. போயிட்டிருக்கு."

"ஓ, ஏ.கே.டி.யா" என்று தலையாட்டினார் மாப்பிள்ளையின் அப்பா, ஏதோ டானிக் பெயரைக் கேட்ட மாதிரி. அத்தோடு முடிந்திருக்கும். அம்மா ஏற்கெனவே காபி டம்ளர்களை எடுக்கக் குனிந்துவிட்டாள். ஆனால் மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்டார். நல்லபடியாகத்தான் கேட்டார். "ஏ.கே.டி.ன்னா என்னங்க?"

"ஆன்ட்டி காக்ஸ் ட்ரீட்மென்ட்."

"காக்ஸ்ன்னா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் புது விரிப்பின் ஓரத்தைக் கால் விரலால் நீவிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்தேன். அவள் கை இன்னும் தாழ்ப்பாள் மேல் இருந்தது.

"டி.பி." என்றேன். "இப்போ நெகட்டிவ். யாருக்கும் ஒட்டாது."

அவர்கள் கோபப்படவில்லை. கேசரித் தட்டுகளை மெதுவாகக் கீழே வைத்தார்கள். மல்லேஸ்வரம் பஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் குறைவு என்று பேசிக்கொண்டார்கள். வாசலில் மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் கையைப் பிடித்து, "நல்ல பொண்ணும்மா நீ" என்றார். அந்த வாரமே தரகர் வந்து ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அழுதாள். "ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா ரெண்டு பேரும்?" என்று கேட்டு அழுதாள். அப்பா எங்கள் இருவரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டார். கதவைத் தாழிட இனி காரணமில்லை. ஆனால் கதவு திறந்த பிறகுதான் அந்த வீடு எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரிந்தது. கூடத்துக்கு வந்தால் அப்பா எழுந்து வெளியே போவார். சமையலறைக்குப் போனால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். நானே திரும்பிப் போய் அந்தக் கட்டிலில் படுத்துக்கொள்வேன்.

முற்றத்துக்கு நான் முதலில் இறங்கியபோது காலாம்மா குழாயடியில் இருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேலூர்லருந்து எப்போ வந்தே?" என்று கேட்டார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டார். "இளைச்சுட்டே. காலாம்மா சூப் வெச்சுத் தரேன்." அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவே இல்லை. கடைசி வீட்டுக்காரி மட்டும் என்னைப் பார்த்ததும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பல மாதம் அப்படித்தான் போனாள்.

அந்த நாட்களில் ஒருமுறை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருந்தேன். என்னால் ஒரு கல்யாணம் போயிற்று, குமட்டல் வேறு, எதற்கு இதெல்லாம் என்று இருந்தது. பாதியில் மருந்தை நிறுத்துகிறவர்களை டாக்டர்கள் டிஃபால்டர் என்பார்கள், ஏதோ பேங்கில் கடன் வாங்கி ஏமாற்றியவரைச் சொல்வது போல. அந்தப் பெயர் கிடைத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. அக்கா தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

"தாழ்ப்பாளைத் திறந்தது நான். நீ இல்ல. எனக்கு அந்தக் கல்யாணம் போனதுல ஒரு வருத்தமும் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்கு. அதுக்காக நீ மாத்திரையை விட்டுட்டா, நான் எதுக்குடி திறந்தேன்?"

விழுங்கினேன்.

அக்காவுக்கு ஒன்றிரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் ஆயிற்று. பெண் பார்க்க வந்த அன்றே, காபி கொடுத்த கையோடு, "என் தங்கைக்கு டி.பி. இருந்து குணமாச்சு" என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர், "எங்க மாமாவுக்கும் இருந்தது" என்று சொல்லிக் காபியைக் குடித்தாராம். நான் லேபுக்குத் திரும்பினேன். டாக்டரம்மா என் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஆனாலும் டீ வரும்போது எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. அது எப்போது கண்ணாடி டம்ளராக மாறியது என்று நினைவில்லை; மாறுவதற்குள் வெகு காலமாகிவிட்டது. ஏ.எஃப்.பி. பாசிட்டிவ் என்று அடிக்க வேண்டி வந்தால், எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பேன். பிறகு அடிப்பேன். வேறென்ன செய்ய முடியும்?

மருந்து முடிந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசியாக டாக்டரைப் பார்க்க அப்பாதான் என்னோடு வந்தார். அப்போதும் எங்களுக்குள் அவசியமான பேச்சு மட்டும்தான். டாக்டர் படத்தைப் பார்த்தார். புண் ஆறிவிட்டது, வடு மட்டும் இருக்கும், எந்த எக்ஸ்ரே எடுத்தாலும் அது தெரியும், ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள், பயப்படாமல் சொல்லு என்றார்.

திரும்பும்போது அப்பா பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்தார். ஒரு ஓட்டலில் நுழைந்து, இரண்டு காபி வாங்கி, நின்றுகொண்டு குடிக்கும் மேஜையில் வைத்தார். ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கு நீ அந்த வார்த்தையைச் சொன்னதும் எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? கோபம்தான் வரும்னு நினைச்சேன். அது அப்புறம் வந்தது. முதல்ல மூச்சு வந்துச்சு. அத்தனை நாளா முற்றத்துல ஒவ்வொருத்தரைப் பாக்கும்போதும், வேலூர்ல என்ன கோர்ஸ், எந்தத் தெரு, எப்போ வருவான்னு மனசுக்குள்ள பதில் தயார் பண்ணிக்கிட்டே நடப்பேன். தூக்கத்துல கூட யாராவது கேட்பாங்க."

 காபி தீர்ந்துவிட்டது. அவர் இரண்டு டம்ளர்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்.

"ஆனா இதை உங்கம்மாகிட்ட சொல்லாதே" என்றார். "அவ தாங்க மாட்டா."

நான் தலையாட்டினேன். பஸ் வந்தது. ஆளுக்கொரு பக்கமாக ஏறி உட்கார்ந்து வீடு போய்ச் சேர்ந்தோம்.